வெளிப்பக்கக் குதிரை

கண்ணாடி முன் டையைக் கட்டியபடியே ஜீவரட்ணம் ஓகூஸ் நகரிலிருந்த மகளுக்குப் போன் எடுத்தார். டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் ஒரு தமிழ் மன்றத்துக்கு அவர் தலைவர். இன்னும் சற்று நேரத்தில் ஞானமலர் அக்காவின் அடக்க ஆராதனை. மற்ற மன்றத் தலைவர்களும் பேசப்போகிறார்கள். எல்லாரும் வேதவசனத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"ஷாரன், நீ படிக்கிற சீனத்திலை கனமா ஏதாவது சொல்லு பிள்ளை."

பழஞ்சீனத்தில் ஆய்வு செய்யும் ஷாரன் டேனிஷில் சொன்னாள். 驂 என்று ஓர் எழுத்து: இடப்பக்கம் குதிரை, வலப்பக்கம் மூன்றைக் குறிக்கும் பழைய உரு. முதலில் மூன்று குதிரை பூட்டிய தேர்; பின்னர் நாலு குதிரைத் தேரில், நுகத்துக்கு வெளியே ஓடும் குதிரை. ஓர் ஆசான், தான் முன்பு தங்கியிருந்த வீட்டில் சாவென்று கேட்டு உள்ளே போய் அழுதாராம். வெறும் கண்ணீரோடு திரும்ப மனம் வராமல், தன் தேரின் வெளிப்பக்கக் குதிரையை அவிழ்த்து அந்த வீட்டுக்கே கொடுத்தாராம்.

கடைசியில் தமிழுக்கு வந்தாள். "நீங்களும் ஒரு விண்டர் முழுக்க ஞானமலர் அன்ரி வீட்டுச் சோபாவிலதானே படுத்தனீங்கள்? அன்ரியை ஹொஸ்பிற்றல்ல போய்ப் பாத்தனீங்களா அப்பா?"

"ஆண்டுவிழா வேலை பிள்ளை" என்று போனை வைத்தார்.

உரை அமோகம். தேர் உருண்டது, சீனம் முழங்கியது. "அந்த ஆசானைப் போல அடியேனும் என் குதிரையை அவிழ்த்து இவ்வில்லத்துக்கு அளிக்கிறேன்" என்று குரலைத் தழுதழுக்க விட்டார். முன்வரிசையில் மூக்குகள் உறிஞ்சப்பட்டன. பிறகு, கணவர் பேதுருவின் கையில் சட்டமிட்ட அஞ்சலிப்பா கொடுக்கப்பட்டது. மேலே ஞானமலரின் படம். கீழே, சற்றே பெரிதாக, தலைவரின் படம்.

கோப்பி குடிக்கும்போது பேதுரு மெல்ல நடந்து வந்தார்.

"தம்பி, குதிரை எப்ப வரும்?"

மன்றச் செயலாளர் சுஜீவா குறும்பாகச் சொன்னாள்: "தலைவர் தருவார் அண்ணை. லாயத்தை நீங்கள் கட்டுங்கோ."

பேதுரு சிரிக்கவில்லை. "கார் ஓடினது அவள்தான். ஞாயிறிலை என்னைச் சேர்ச்சுக்குக் கொண்டுபோக ஆளில்லை. நீ அவ்வளவு பேருக்கு முன்னாலை சொன்னாய், அதான் கேட்டனான்."

ஞாயிறு காலைதான் மன்றத்தின் செயற்குழுக் கூட்டம். நடுக்கதிரை ஜீவரட்ணத்தினுடையது, அதில் வேறொருவர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அதைச் சொல்ல வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். ஆண்டுவிழா வேலை என்பது மகளுக்குச் சொன்ன கதை. தலைவர் ஆவதற்கு முந்திய ஜீவரட்ணத்தை அறிந்தவள் ஞானமலர். அந்த ஆள் சோபாவில் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவள். விடிந்ததும், பாராதவள் போலத் தேத்தண்ணி வைத்தவள். அந்தக் கண்களுக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே எந்த முகத்தோடு போய் நிற்பது?

"வாறன் அண்ணை" என்றார். குரல் தானாகவே தழுதழுத்தது. இந்தமுறை யாரும் மூக்கு உறிஞ்சவில்லை.

ஞாயிறன்று மழை. பேதுரு கோட்டுப் போட்டு வாசலிலேயே நின்றார். முன் சீற்றில் ஏறி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். காரை எடுத்ததும் கீச்கீச்சென்று சத்தம் கிளம்பியது.

"பெல்ட், அண்ணை."

"அவள்தான் போட்டுவிடுறவள்."

ஜீவரட்ணத்தின் போன் அடித்தது. திரையில் சுஜீவாவின் பெயர். அவர் அதை எடுக்காமல், ஈரக் கோட்டின் குறுக்கே சாய்ந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது பாதி வந்து இறுகி நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். கிழவர், சின்னப்பிள்ளை போலக் கைகளை உயர்த்திக் காத்திருந்தார்.