பேனரில் இருப்பவள்

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நின்று அவள் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். கோட்டு யாருடையதோ, கழுத்தை இறுக்கியது. வெளியே ஹாலில் நாற்காலிகள் இழுபட்டன. பயிற்சிப் பள்ளியின் அறிமுகக் கூட்டத்துக்குப் பெற்றோர்களும் பிள்ளைகளும் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். மேடையில் ஆள் உயர பேனர். அதில் அவளேதான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் மாணவி, இன்று பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் டெக்னீஷியன்!'

பச்சைப் பொய். அந்தப் படம், சேர்ந்த அன்று அடையாள அட்டைக்கு என்று எடுத்தது. படித்து முடித்தவளுக்கு எந்த மருத்துவமனையும் கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்? விளம்பரத்தில் வந்த 'நவீன ஆய்வகம்' என்பது சுவரில் ஒட்டிய ஸ்கேன் மிஷின் படம். வகுப்பே வரிசையில் நின்று அந்தப் படத்தின் பொத்தான்களை அழுத்திப் பழகியது. பச்சைப் பொத்தான் வெளுத்துப்போனதுதான் மிச்சம். இப்போது அவள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் 'ஆஸ்பத்திரி வேலை' என்று அளந்துகொண்டிருந்தாள். வெட்கத்தில் இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"ரெண்டே நிமிஷம் பேசு," என்றார் மேலாளர். எதற்கெடுத்தாலும் நூறு பர்சென்ட் என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. "இங்க படிச்சேன், உடனே வேலை கிடைச்சுதுன்னு சொல்லு. நாளைக்கே உன்ன நெஜமாவே ஒரு ஸ்கேன் சென்டர்ல சேத்து விடறேன்."

"நெஜமாவா சார்?"

"நூறு பர்சென்ட்."

ஆசை யாரை விட்டது? தலையாட்டிவிட்டாள். பிறகுதான் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் சித்தியும் சித்தி மகளும். தங்கைக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். அங்கே போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அவளுடைய முகத்தை நம்பித்தான்.

அவளை மேடைக்கு அழைத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தங்கை பெருமையாகக் கையசைத்தாள்.

"நான் இங்கதான் படிச்சேன்," என்று தொடங்கியவள் நிறுத்தினாள். நூறு பர்சென்ட் கண்ணால் முடுக்கினார். "ஆனா எனக்கு வேலை கிடைக்கல. செருப்புக் கடைல இருக்கேன்."

முன் வரிசையில் கிசுகிசுப்பு கிளம்பியது.

நூறு பர்சென்ட் லேசுப்பட்ட ஆளா? பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா, என்ன தன்னடக்கம்! பெரிய வேலைக்குப் போயும் பழைய கஷ்டத்த மறக்கல!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதற்கும் தட்டினார்கள், பாவிகள்.

மேடையிலிருந்து இறங்கி நேரே சித்தியிடம் ஓடினாள். "சித்தி, எந்திரி. காலேஜுக்குப் போங்க. இங்க ஒண்ணும் இல்ல."

சித்தி வெடுக்கென்று எழுந்தாள். "ஏண்டி, நீ மட்டும் நல்லா இருந்தா போதுமா? என் பொண்ணு உனக்குச் சமமா வந்துடுவாளோன்னு வயித்தெரிச்சலா?"

"சத்தியமா இல்ல சித்தி."

"உங்கம்மாவே வாயால சொன்னாளே, ஆஸ்பத்திரின்னு. அப்ப அவ பொய்க்காரியா?"

பின்னால் நூறு பர்சென்ட் இரண்டு ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலையைக் குனிந்தவள் கண்ணில், எழுந்த வேகத்தில் கழன்று கிடந்த சித்தியின் செருப்பு வார் பட்டது. சட்டென்று கீழே உட்கார்ந்தாள்.

"காலில விழற நாடகமெல்லாம் வேணாம்," என்றாள் சித்தி.

ஆனால் அவள் விழவில்லை. கை பழக்கதோஷத்தில் தன்பாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டது. சித்தியின் குதிகாலைத் தாங்கித் தன் முழங்கால்மேல் வைத்தது. கட்டைவிரலால் செருப்பின் நுனியை அழுத்திப் பார்த்தது. வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டியது. வாயும் சேர்ந்துகொண்டது:

"கடிக்குதா மேடம்?"

சித்தி அப்படியே நின்றுவிட்டாள். தூக்கி வளர்த்த அக்கா மகள், வெள்ளைக் கோட்டோடு காலடியில் உட்கார்ந்து, தன்னை மேடம் என்கிறாள்.

"தினமும் இதானாடி உன் வேலை?"

"கடை மூடற வரைக்கும் இதான் சித்தி."

தங்கை பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "அம்மா, வாம்மா. ஆபீஸ மூடிடப் போறாங்க." சித்தி அக்கா மகளின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். அம்மாவும் மகளும் படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

காலியான இரண்டு நாற்காலிகளிலும், ஓரத்தில் நின்றிருந்த ஓர் அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். இடம் கிடைத்த சந்தோஷம் அவர்கள் முகத்தில்.

"கோட்டக் கழட்டிக் குடுத்துட்டு வெளிய நட," என்று நூறு பர்சென்ட் பல்லைக் கடித்தார். ஸ்கேன் சென்டர் வேலை போனது போனதுதான். அவள் கோட்டைக் கழற்றி அவர் கையில் திணித்தாள். வாசல் பக்கம் போகாமல், அந்த அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, அந்தப் பேனர்ல இருக்கறது நான்தான். நான் வேலை செய்யற கடை எதிர்த் தெருவுலதான் இருக்கு. வந்து பாத்துட்டு அப்புறம் பொண்ணச் சேருங்க."