சூப்பிரண்டின் கொட்டாவி

தத்தெடுக்க விண்ணப்பம் போட்டு ஐந்து வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் குழந்தைகள் இல்லத்தின் வரவேற்பறையில் கணவனும் மனைவியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விமானம் மாறி, கடல் தாண்டி வந்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பதற்றம் வந்தால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்துவிடும் போலிருந்தது. அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு குடுவைகூட உடைக்காமல் கழுவிப் பழகிய கைகள், கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கதவு திறந்தது. பராமரிப்பாளரின் விரலைப் பிடித்தபடி நாலரை வயதுப் பெண் குழந்தை வந்தது. இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலிகளுக்குப் பின்னால் தேடியது. வாசல்வரை போய் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து ஏதோ கேட்டது.

மொழிபெயர்க்க வந்திருந்த கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கி, இரு தரப்புக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். "சிங்கம் எங்கே என்று கேட்கிறாள்."

"எந்தச் சிங்கம்?" என்றார் அவர்.

பராமரிப்பாளர் ஆல்பத்தைக் கொண்டுவந்து பிரித்தார். வீடு எப்படி இருக்கும், அம்மா அப்பா யார் என்று குழந்தைக்குப் பழக்கிவிட, ஆறு மாதம் முன்பு அவர்களே அனுப்பிய ஆல்பம்தான். மற்ற பக்கங்கள் புத்தம் புதிதாக இருந்தன. ஏழாவது பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. ஜன்னல் திரையைக் காட்டுவதற்காக எடுத்த பழைய படம் அது. திரைக்குப் பக்கத்தில் கணவரின் அக்கா, அண்ணம் தெரிய வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அந்த வாயைத் தொட்டுக் காட்டியது.

"ஏங்க, இந்தப் படத்தையா வச்சீங்க?" என்றாள் மனைவி.

"திரை நல்லா விழுந்திருந்துச்சே" என்றார் அவர்.

அக்கா பதிவு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தபந்தம் மொத்தமும் அவரைச் சூப்பிரண்டு என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு புள்ளி குறைந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியவர் என்று பெயர். குழந்தை உறுதியாகிவிட்டது என்று தம்பி ஓடிப்போய்ச் சொன்னபோது, "வெளிநாட்டு விவகாரம், விட்டுடுங்க" என்றார். வார்த்தை தடித்தது. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சட்டப்படி ஒரு மாதம் குழந்தையோடு அந்த ஊரிலேயே வாழ்ந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கொடுத்த முட்டையைத் தின்றது. குளிப்பாட்டினால் நின்றது. எல்லாம் முடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு, முதுகுப்பையோடு வாசற்கதவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சிங்கம் வரும்வரை நகர்வதாக இல்லை.

மனைவி தானே ஒரு கொட்டாவி விட்டுப் பார்த்தாள். கணவர் கர்ஜனையோடு சேர்த்து ஒன்று விட்டார். குழந்தை இருவரையும் இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான்காம் நாள் குழந்தை நல அதிகாரி வந்தார். கதவருகே இருந்த குழந்தையோடு பத்து நிமிடம் பேசிவிட்டு எழுதினார்: 'குழந்தை இன்னொருவருக்காகக் காத்திருக்கிறது. அந்த நபர் யார்? விளக்கம் தேவை.'

வேறு வழியில்லாமல் கணவர் தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"உன் தம்பி."

"எனக்குத் தம்பி இருந்ததா பதிவேட்டுல இல்லையே."

"அக்கா, விளையாடாத. நீ உடனே கிளம்பி இங்க வரணும்."

"எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொட்டாவி விட."

"டேய், பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா?"

அவர் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "விளக்கம் தேவைன்னு அந்தம்மா வாயால சொன்னாளா, எழுத்துல கேட்டிருக்காளா?"

"எழுத்துலதான்."

"எழுத்துல கேட்டா நேர்ல ஆஜராகணும். வேற வழியில்ல" என்று வைத்துவிட்டார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே எடுத்த பாஸ்போர்ட், ஒரு முத்திரையும் விழாமல் அலமாரியில் இருந்தது. அவர் கொடுத்த காகிதக்கட்டில் விசா அலுவலகத்துக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வியும் அகப்படவில்லை. ஐந்தே நாளில் விசா வந்தது. பதினோராம் நாள் மத்தியானம், கையில் ஒரு பெட்டியும் அக்குளில் ஒரு ஃபைலுமாக மாடியேறி வந்து நின்றார் சூப்பிரண்டு.

குழந்தை துள்ளி எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தது. மறுபடி முகத்தைப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"வாய் மூடியிருக்குல்ல, அதான் அடையாளம் தெரியல" என்றார் தம்பி. "ஒரே ஒரு தடவை திறந்து காட்டேன்."

"நான் என்ன சர்க்கஸுக்கா வந்திருக்கேன்? வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி இல்ல, வாயைத் திறங்கறான்!"

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். "உக்காருங்க அண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்கார்ந்தார். இருபது மணி நேரமாக விமானத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்த உடம்பு. ஃபைலைப் பிரித்து, "முதல்ல அந்த விளக்கக் கடிதத்தை..." என்று ஆரம்பித்தவருக்கு வாக்கியம் முடியவில்லை. தாடை தானாக இறங்கியது. கண் சுருங்கியது. வயிற்றிலிருந்து கிளம்பிய கொட்டாவி ஒன்று வீட்டையே நிறைத்தது.

குழந்தை வீறிட்டுக் கத்தியது. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து அவர் மடியில் ஏறி, இன்னும் மூடாத வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து வீடு வீடாக இருந்தது. ஆனால் குழந்தைக்குச் சிங்கம்தான் எல்லாம். சாப்பாடு சிங்கம் ஊட்ட வேண்டும், தலை சிங்கம் வார வேண்டும். மனைவி சிரித்த முகமாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் காலை, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க வந்த அண்ணியைப் பார்த்ததும் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அண்ணி கூடத்துக்குப் போய், ஒரு வெள்ளைத்தாளைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்தார்.

குழந்தை கொட்டாவி கேட்டு வந்தது. அவர் ஒரு துண்டை நீட்டி, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. கையெழுத்து இல்லாம இங்க எதுவும் நடக்காது."

மொழி புரியவில்லை என்றாலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்படாதவர்கள் பதிவு அலுவலகத்திலேயே யாரும் இருந்ததில்லை. குழந்தை சமையலறைக்கு ஓடியது. ஈரக்கையோடு மனைவி கையெழுத்துப் போட்டாள். குழந்தை அதைக் காட்டி ஒரு கொட்டாவி வாங்கிக்கொண்டது. உடனே அடுத்த துண்டு.

ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை. மனைவி கையெழுத்தோடு ஒரு பூ வரைந்து கொடுத்தாள். அப்புறம் ஒரு பூனை. அப்புறம் குழந்தை கேட்டதையெல்லாம். ஒரு வாரம் போவதற்குள், தாளை வாங்கிக்கொண்டு போன குழந்தை திரும்பி வரத் தாமதமாயிற்று. ஒருநாள் வரவே இல்லை. சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். மேஜையடியில் இரண்டு பேரும் மண்டியிட்டு யானை வரைந்துகொண்டிருந்தார்கள்.

"மனு நிலுவையில இருக்கு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

நீதிமன்ற அறை ஒரு வகுப்பறை அளவுதான் இருந்தது. நீதிபதி குழந்தையை அருகில் அழைத்து, "இவர்கள் யார்?" என்று கேட்டார்.

"அது அப்பா. கண்ணாடி தேடுவார். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். அது அம்மா. அம்மா கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும்."

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நீதிபதி சிரித்துக்கொண்டே உத்தரவில் கையெழுத்திட்டார். ஐந்து வருட அலைச்சல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

முடியவில்லை. உத்தரவை வாங்கிப் பார்த்த சூப்பிரண்டு கையை உயர்த்தினார். "தேதி தப்பு."

"அக்கா, கால்ல விழறேன், உக்காரு" என்றார் தம்பி.

"பாஷை தெரியாட்டி என்ன, நம்பர் தெரியாதா? புள்ள பொறந்தது இருபத்தொண்ணு. இதுல பன்னிரண்டு. இந்தத் தாளோட போனா ஏர்ப்போர்ட்டத் தாண்ட மாட்டீங்க."

நீதிமன்ற எழுத்தர் முறைத்தபடி வந்தார். சூப்பிரண்டின் வயதுதான், அதே மாதிரி காதோரம் சொருகிய பேனா. பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காது சிவந்தது. போய், புது உத்தரவு தட்டச்சு செய்து, நீதிபதியிடம் திரும்பக் கையெழுத்து வாங்கி, இரண்டு கையாலும் நீட்டினார். சூப்பிரண்டு ஓரத்தில் விரலை வைத்து, முத்திரை சற்று மங்கல் என்றார். எழுத்தர் இன்னொரு முறை அழுத்திக் குத்தினார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பும் விமானத்தில் கணவர் தூங்கிவிட்டார். குழந்தை நடுவில் தூங்கியது. மனைவி மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, அப்ப ஏன் வேண்டாம்னீங்க?"

அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பத்திரண்டு வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்மா. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்க படியிறங்கிப் போற முதுகு எனக்குத் தெரியும். உன் முதுகை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

மனைவி அண்ணியின் கையைப் பிடித்தாள். அவர் ஒரு நிமிடம் விட்டுவைத்துவிட்டு, "சரி சரி, கை வேர்க்குது" என்று எடுத்துக்கொண்டார்.

விமானம் இறங்கத் தொடங்கி, பெல்ட் விளக்கு எரிந்தபோது குழந்தை விழித்தது. ஒரு மாதமாகக் கணவர் சிரத்தையாகச் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னது.

"அம்மா, ஒண்ணுக்கு."

பணிப்பெண் தூரத்திலிருந்தே உட்காரச் சொல்லிக் கையசைத்தாள். ஐந்து வருடமாக எந்தக் காகிதம் என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்த மனைவி, பெல்ட்டைக் கழற்றி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

தடுக்க வந்த பணிப்பெண்ணை நோக்கிச் சூப்பிரண்டு விரலை உயர்த்தினார்.

"அவசரம். எழுத்துல வேணும்னா நான் தர்றேன்."