நிலாவுக்குப் போகிறவரின் மனைவி

பாடம் தொடங்கும் முன் வகுப்பே கண்ணை மூடி உட்கார வேண்டும். பள்ளிக்குப் புதிதாக வந்த மனநல ஆலோசகரின் ஏற்பாடு அது. "நினைப்பு வந்தா வரட்டும். சும்மா பாருங்க. துரத்தவும் வேண்டாம், பின்னாடியே போகவும் வேண்டாம்," என்பார்.

கதைக்காரி என்று வகுப்பு அழைக்கும் பெண் இதையும் ஒரு பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவது கேட்கும். உடனே தள்ளிவிடுவாள். அடுத்து எது வந்தாலும் அதையும் தள்ளுவாள். மனம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் ஆனதும் தனக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொள்வாள். கதையும் அந்தக் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது என்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

பெற்றோர் நாளுக்கு அவள் எழுதும் நாடகத்தில், வீட்டுச் சத்தம் தாங்காத ஒருவர் ராக்கெட் கட்டி நிலாவுக்குக் கிளம்புகிறார். முழுக்க வேடிக்கை. முடிவு மட்டும் இல்லை. இன்று மதிய ஒத்திகைக்குள் எழுதாவிட்டால் பக்கத்து வகுப்பின் நாடகம்தான் மேடையேறும்.

"என்னடி, ராக்கெட் தானா கிளம்புமா, நாங்க வந்து தள்ளணுமா?" மனைவியாக நடிக்கும் தோழி கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு. யோசிக்கிறேன்."

"யோசிக்கக் கூடாதுன்னுதானே உக்கார வெச்சிருக்காங்க."

கண்ணை மூடினாள். வீடு வந்தது. இன்று தள்ளத் தெம்பில்லை. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பையில் துணிகளைத் திணிக்கிறார். அம்மா குரலை உயர்த்தாமல் ஒன்று சொல்கிறாள். அதோடு, ராக்கெட்டின் வாசலில் மனைவி நிற்பதும் தெரிந்தது.

ஒத்திகையில், அவள் எழுதிக் கொடுத்த கடைசி வரியைத் தோழி இடுப்பில் கைவைத்துக் கத்தினாள்: "போறதுன்னா போங்க. திரும்பி வருவேன்னு மட்டும் புள்ளைகிட்ட சொல்லாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படி இல்லடி," என்றாள் கதைக்காரி. "கதவைச் சாத்திட்டுப் போங்கன்னு சொல்ற மாதிரி, சாதாரணமா சொல்லு."

தோழி அப்படியே சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்கேருந்துடி புடிச்சே இதை?"

"சும்மா வந்துச்சு."

வகுப்பு ஆசிரியைக்குக் கண் பளபளத்தது. "இதுதான் முடிவு. ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது. உங்க அப்பா அம்மாவுக்கு முன்வரிசையில இடம் போட்டுடறேன்."

வேறு முடிவு எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். இதைவிட நல்ல முடிவு வராது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுடி," என்றாள் தோழியிடம். போய் முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே உட்கார்ந்து, தான் சொன்னதையே கேட்க அம்மாவால் முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.