ஒரு முடிச்சுக்கு இத்தனை கேள்வியா

இந்த ஒரு மணி நேரத்துக்காகக் கிருஷ்ணப்பிரியா மூன்று மாதம் பாடுபட்டிருந்தாள். புருஷனிடம் வாயைத் திறந்து கேட்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. கையைக் கட்ட வேண்டும், கண்ணைக் கட்ட வேண்டும், அதன்பிறகு எதையும் அவள் தீர்மானிக்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாற்பது பேருக்கு அவள் சூப்பர்வைசர். அண்ணனூர் வீட்டிலோ உப்பு வாங்குவதிலிருந்து மாமியாரின் மாத்திரைவரை அவளைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஒரு மணி நேரமாவது சும்மா கிடக்கலாமே என்று மனசு ஏங்கியது.

பூபாலன் நல்ல மனுஷன். காது சிவக்கக் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து செல்போனில் தேடிப் படித்தார்கள். கயிறு வேண்டாம், பருத்தித் துப்பட்டா போதும். முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கட்டியபின் ஆளைத் தனியே விட்டுப் போகக் கூடாது. ‘வேணாம்’ என்று விளையாட்டுக்கும் வாயில் வரும் என்பதால், நிஜமாக நிறுத்துவதற்குப் ‘பூசணிக்கா’ என்று ஒரு சொல். யார் சொன்னாலும் அந்த நொடியே அவிழ்த்துவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார். இவர்கள் கதவைத் தாழிட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தானே பாருங்கள். முன்பக்கம் கட்டவா, பின்பக்கமா? விரல் மரத்துப் போகிறதா? ஃபேனைக் குறைக்கவா? கண்ணை இப்போதே கட்டவா, அப்புறமா? எல்லாம் கட்டி முடித்த பிறகு, இப்போது இன்னா செய்யணும் என்றும் கேட்டான். விரல் மரக்கிறதா என்று கேட்பது சரி, அது வேண்டியதுதான். ஃபேனுக்குமா? கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீயே எதுனா முடிவு பண்ணுய்யா. அதுக்குத்தானே கட்டச் சொன்னேன்” என்று பல்லைக் கடித்தாள்.

பிறகு பூபாலன், “பூசணிக்கா” என்றான்.

அவனே முடிச்சை அவிழ்த்தான். கட்டுண்டு கிடப்பவள் அவள், நிறுத்தச் சொல்வது இவனா? கண்கட்டைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று மாதமும் மண்ணாய்ப் போயிற்றே என்று ஆத்திரம் தாங்கவில்லை. ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் போட்ட விதி விதிதான். அவன் முகம் வெளிறியிருந்ததால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. உனக்கு இதில் ஆசை உண்டா என்று அவனை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

பூபாலன் டம்ளரைப் பார்த்தபடி பேசினான். “கட்டறது எனக்கு வரல பிரியா. அதெல்லாம் படிக்க சொல்லோ, கட்டுல கெடக்குற ஆளு நானா இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சு. நீ ஆசையா கேக்குற, எப்படி சொல்றது?”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் இறக்கிவைக்கப் பார்த்த பாரத்தை அவள் தலையிலேயே ஏற்றிவைக்க ஒருவன் காத்திருந்திருக்கிறான்.

“இன்னிக்கு என்னால ஆவாது” என்றாள். “இன்னொரு நாள் கேளு. புடிச்சா செய்யறேன், புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்றேன். நீயும் இனிமே எதுக்கும் எனக்காகச் சரின்னு சொல்லாத.”

பூபாலன் உடனே, “சரி” என்றான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.