பால் கெடக் கூடாது

மோர்வான் மலைப்பகுதியிலிருந்து பாரிஸுக்குப் கூலிக்குப் பாலூட்டும் செவிலித்தாயாக வந்திருந்த லெயோந்தின், தன் சொந்தப் பெண் குழந்தையை ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, வில்மோ குடும்பத்தாரின் மகனுக்குப் பால் கொடுத்துவந்தாள். ரோசெத் என்னும் தன் மகளுக்குக் காய்ச்சல் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லிச் சென்ற நாள் முதல், ஒருமுறை போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஈஸ்டர் முடியட்டும் என்றார் எஜமானி.

பின்னர் அந்த வீட்டார் அவளிடம் காட்டிய அன்பு வியக்கத்தக்கதாக இருந்தது. இறைச்சியின் மென்மையான துண்டு அவள் தட்டுக்கு வந்தது. பால் பெருகுவதற்காக வழக்கமாகத் தரப்படும் பீர் இரு மடங்காயிற்று. அவளுடைய தொப்பிக்குப் புதிய பட்டு நாடாவும் கிடைத்தது.

"என்னக்கா, எல்லாரும் என்னை இந்தத் தாங்கு தாங்குறீங்க?" என்று சமையற்காரி ஒனொரினிடம் கேட்டாள்.

"கறவை மாட்டுக்குத் தீனி போடாம பூஜையா பண்ணுவாங்க? வாய மூடிட்டுச் சாப்பிடுடி."

"ரோசெத்துக்குப் பல்லு முளைச்சிருக்கும்ல அக்கா?"

"சூப் ஆறிடப் போகுது, குடி," என்ற ஒனொரின் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எஜமானி லெயோந்தினையும் ஒனொரினையும், குழந்தையோடு, சினிமாவுக்கு அழைத்துச் சென்று மாடத்து நாற்காலிகளில் உட்காரவைத்தார். "சிரிப்புப் படம்தான், லெயோந்தின். நீ சந்தோஷமா இருந்தாத்தான் என் பிள்ளைக்கு நல்லது."

லெயோந்தினுக்கு எழுத்து தெரியாது. பேசாப் படம் என்பதால் திரையில் தோன்றிய வாசகங்களை ஒனொரின் அவளுக்குப் படித்துச் சொன்னாள். மாவுத் தொட்டியில் விழுந்த போலீஸ்காரனைப் பார்த்து லெயோந்தின் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அடுத்த படம் அப்படியில்லை. செய்யாத திருட்டுக்காக ஒரு தையற்காரி சிறைக்குப் போகிறாள். அவளுடைய குழந்தை வெளியே நோயில் கிடக்கிறது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

"பாவம்! ஏழைன்னா நீதிபதிக்குக்கூட இளக்காரம்," என்று எஜமானியும் கைக்குட்டையை நனைத்தார்.

அப்போது திரையில் எழுத்து மட்டும் நின்றது. ஒனொரின் படிக்க வாய் திறந்தாள்.

"படிக்காதே!" எஜமானி அவள் கையைப் பற்றி அழுத்தினார்.

அரங்கிலிருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, எஜமானி மட்டும் தன்னைப் பார்ப்பதை லெயோந்தின் கண்டாள்.

"அக்கா, அந்தக் கொழந்தை செத்துப்போச்சா?"

ஒனொரின் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் ரோசெத்துமா?"

"மூணு வாரம் ஆச்சுடி," என்று ஒனொரின் உடைந்து அழுதாள். "தொண்டை அடைச்சுப்போச்சாம். உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு உத்தரவு."

"துக்கத்துல பால் கெட்டுடும்னு டாக்டர் சொன்னார், லெயோந்தின்," என்றார் எஜமானி, ஈரக் கைக்குட்டையோடு. "கோடையில உன்னை ஊருக்கு அனுப்பறேன். அழகா ஒரு சிலுவை வைப்போம். இப்ப மட்டும் அழுதுடாதே, கெஞ்சிக் கேக்கறேன்."

"எங்க பொதைச்சாங்க?"

எஜமானிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

படச்சுருள் மாற்றுவதற்காகப் படம் நிற்க, அதற்கு வாசிக்கப்பட்ட பியானோவும் நின்றது. அந்த அமைதியில் மடியிலிருந்த குழந்தை விழித்து அலறியது.

"ஏ ஆயா, பாலைக் குடுத்துத் தொலை! பாட்டுக் கச்சேரிக்கா காசு குடுத்தோம்?" என்று மாடத்துக்குக் கீழேயிருந்து ஒருவன் கத்த, சிலர் சிரித்தார்கள்.

லெயோந்தின் அசையவில்லை. ஆனால் அந்த அழுகைக்கு அவள் உடல் அவளைக் கேட்காமலேயே இளகியது. ரவிக்கையின் முன்புறம் ஈரம் பரவியது. அவள் அதையே சற்று நேரம் பார்த்திருந்தாள். பிறகு பொத்தானைக் கழற்றினாள். குழந்தையின் அலறல் நின்றது.

எஜமானி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு குனிந்தார்.

"பால் வருதா?"

"வருதும்மா," என்றாள் லெயோந்தின்.