கொடியில் ஒரு சட்டை

திருத்தணியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பதற்குள் மலைமேல் இருக்கும் முருகனே இறங்கி வந்துவிடுவார். மூன்று வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நாலாவது வீட்டில், என்னை விட்டுவிட்டு ஆந்திரா எல்லையில் இருக்கும் நகரிக்குப் போய்விட்ட என் புருஷன் முரளிதரனின் நீலக்கட்டம் போட்ட சட்டையைக் கொடியில் காயப்போட்டேன். அவன் விட்டுப்போன செருப்பை வாசலில் வைத்தேன்.

"இன்னா வள்ளி, அவரு கண்ணுலயே பட மாட்றாரு?" என்று வீட்டு ஓனர் கோவிந்தம்மாள் கேட்பார்.

"மெட்ராஸ்ல வேலைங்க. கடைசி ட்ரெயினுக்கு வந்து மொத ட்ரெயினுக்குப் போய்டறாரு."

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. லாட்ஜில் பக்தர்கள் படுத்த போர்வைகளைத் துவைத்துவிட்டு வந்து, வாரம் ஒருமுறை அந்தச் சட்டையையும் நனைத்துப் போடுவேன். அழுக்கே ஆகாத சட்டையைத் துவைக்கும் பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நடுவில், சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அடுக்குமாடி வீடு கொடுக்கப்போகிறது என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். செருப்பைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தம்மாள் முந்திக்கொண்டு, "புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. தங்கமான ஜோடி" என்றார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? தலையை ஆட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பட்டியலில் என் பெயர் வந்தது. சந்தோஷத்தில் லாட்ஜ் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வெள்ளிக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முரளிக்கு போன் செய்தேன். "ஒரே ஒரு போட்டோ. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை "நைனா" என்று கூப்பிட்டது. "ஆங், வரேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். பவர்லூம் பஞ்சு ஒட்டிய பனியனோடு அப்படியே வந்திருந்தான். எந்தக் கோலத்தில் வருவானோ என்று நான் அந்தச் சட்டையைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். போட்டுப் பார்த்தான். நடுப் பட்டன் மாட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினான். அங்கே ஒருத்தி வேளாவேளைக்கு வடித்துக் கொட்டுகிறாள் போலிருக்கிறது. எனக்கு வயிறெரிந்தது, பொய் சொல்வானேன்.

ஜோடிகளின் வரிசை நீளமாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு சின்ன வரிசை. அதிகாரி மோகனப்ரியா மைக்கில் கூப்பிட்டார்: "புருஷன் விட்டுட்டுப் போனவங்க, தனியா இருக்கிற பொம்பளைங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல. கீழ்த்தளத்துல வீடு."

அங்கே நாலே பேர் நின்றார்கள்.

"நீ அங்கல்ல நிக்கணும்?" என்றான் முரளி, மெதுவாக.

இப்போது போய் உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். பொய் சொன்னவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

போட்டோக்காரர் ஒட்டி நிற்கச் சொன்னார். நின்றோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அதுதான். மோகனப்ரியா கையெழுத்து வாங்கும்போது, "ரெண்டு பேரும் குடியிருக்கணும். சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவன் சட்டையைக் கழற்றப் போனான். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"போட்டுகினே போ" என்றேன்.

ஜன்னல் வழியாகக் கையாட்டினானா என்று நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். ஆட்டவில்லை.

எனக்கு மூன்றாவது மாடியில் வீடு. பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்தேன். மீதியை யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை. சொந்தச் சுவரில் ஆணி அடித்து, போட்டோ ஒட்டிய வீட்டு ஒதுக்கீட்டு உத்தரவைக் கண்ணாடி போட்டு மாட்டினேன். பழக்க தோஷம், செருப்பையும் வாசலில் வைத்தேன். இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த வீடு இது. உட்கார்ந்தால் குழாய் சொட்டுவது மட்டும்தான் கேட்டது.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு சினேகா எட்டிப்பார்த்தாள். "அண்ணன் இன்னும் வரலீங்களா?"

"மெட்ராஸ்ல வேலைங்க" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் என் கொடியைப் பார்த்தாள். என் புடவைகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

அன்றைக்கே பஜாருக்குப் போனேன். நீலக்கட்டம் போட்டதாகத் தேடி எடுத்தேன்.

"அண்ணனுக்குங்களா? இன்னா சைஸு?" என்றார் கடைக்காரர்.

"முன்ன நாப்பது" என்றேன். "இப்ப கொஞ்சம் உடம்பு போட்டுட்டாரு. நாப்பத்திரெண்டு குடுங்க."