மார்கழியில் விழித்திருந்த பாம்புகள்

ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில், கைவிடப்பட்ட வெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றில் இயங்கிய சிறு அருங்காட்சியகத்துக்குச் சத்தியபாமா செயலாளரானபின், அங்கே ஒரு பெயரட்டைகூடக் கோணலாக நின்றதில்லை. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பூகோளம் படிப்பித்தவர் அவர். பிழை என்பது பிறருக்கு நேர்வது என்ற எண்ணம் அவருக்குள் அடக்கமாகக் குடியிருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டின் கடைசியில் அந்தக் கட்டடத்துக்கு ஆபத்து வந்தது. உரிமையாளர் அதை இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்க விரும்பினார். உள்ளூர் அருங்காட்சியகங்களுக்கு மாநில அரசு வழங்கும் மானியம் கிடைத்தால் மட்டும் குத்தகையைத் தொடர்வதாகச் சொன்னார். ஊர்மக்கள் உண்மையிலேயே வந்துபோகும் இடந்தானா என்று நேரில் பார்க்க, கொலின்ஸ் என்ற அதிகாரி டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது.

அந்த நாளுக்குச் சத்தியபாமா தேர்ந்த விருந்தினர் டோரதி பெனாலி. அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான நவஹோ இனத்தவரான அவர், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு ஆய்வாளராக வந்திருந்தார். தம் ஊரில், அங்குள்ள மாநில அரசின் உதவியோடு ஓர் அருங்காட்சியகத்தையும், அதை ஒட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தையும், பிள்ளைகளுக்கு ஒரு வாசிகசாலையையும் எழுப்பியவர். அவரது உரையைச் சத்தியபாமா ஒருமுறை கேட்டிருந்தார். காசு தர வந்த அரசிடம், எதைக் காட்டப்போகிறோம் என்பதற்கு முன், எதைக் காட்டமாட்டோம் என்பதைச் சொன்னார்களாம். அன்றிலிருந்து சத்தியபாமா அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை.

நூலை விரல்களில் கோத்து உருவங்கள் அமைத்து, அவற்றுக்குரிய கதைகளைச் சொல்வது நவஹோ வழக்கம். குளிர்காலத்தில் மட்டுமே அதைச் செய்வார்கள். குளிர்காலமானால் மகிழ்ச்சியோடு செய்வதாக டோரதி சொல்லிவிட்டு வட பகுதிக்குப் பயணம் போனார். சத்தியபாமாவின் மனத்தில் குளிர் என்றால் மார்கழி; மார்கழி என்றால் டிசம்பர். வேறு யோசனையே இல்லாமல் நிகழ்ச்சிநிரலை அச்சிட்டார்.

வியாழக்கிழமை திரும்பிவந்த டோரதி, சத்தியபாமாவின் குசினியில், மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து அதை வாசித்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இது கோடை," என்றார். "பாம்புகள் விழித்திருக்கின்றன. அவை உறங்கும்போதுதான் நாங்கள் அந்தக் கதைகளைச் சொல்வோம்."

உங்கள் ஊரில் இப்போது பனி பெய்கிறதே என்று சத்தியபாமா தயங்கித் தயங்கி வாதாடினார்.

"நான் இருப்பது இங்கே," என்றார் டோரதி. கோபம் சிறிதும் இல்லை. கூட்டத்துக்கு வருவேன், எங்கள் ஊர் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுவேன், நூலை மட்டும் கையில் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் கோப்பை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் போனபின், கணவர் மகேந்திரராஜா நிகழ்ச்சிநிரலைத் தூக்கிப் பார்த்தார்.

"நீர் பூகோளம் படிப்பிச்ச ஆளெல்லே? உலகத்திலை எந்தப் பக்கத்திலை நிக்கிறமெண்டு தெரியேல்லையோ?"

சத்தியபாமா தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார்.

"சரி விடும். கெஞ்சிக் கேளும். நாலு உருவம் செய்து காட்டினால் சனம் கைதட்டும். இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவவுக்குத் தெரியும்," என்றார் சத்தியபாமா. கெஞ்சும் எண்ணம் அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. நூல் வித்தை பார்க்கப் பிள்ளைகள் முன்வரிசையில் நெருக்கியடித்து இருந்தார்கள். கொலின்ஸ் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். சத்தியபாமா எழுந்து, அறிவித்த நிகழ்ச்சி நடைபெறாது என்றார், காரணத்தைச் சொன்னார், பிழை முழுவதும் தம்முடையது என்றார். படிப்பித்த பாடத்தையும் மறைக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். குத்தகை கைநழுவிப் போவதை அந்தச் சிரிப்பில் அவர் கேட்டார்.

பிறகு டோரதி பேசினார். அவர்களுடைய அருங்காட்சியகத்திலும் ஓர் அறை கோடை முழுவதும் பூட்டியிருக்குமாம். பூட்டிய அறைக்கு எதற்குப் பணம் என்று அந்த மாநில அரசின் அதிகாரி கேட்டாராம்.

"பனிக்காலத்தில் வந்து பாருங்கள் என்றோம். வந்தார். இப்போது ஆண்டுதோறும் வருகிறார், மனைவியையும் கூட்டிக்கொண்டு."

கூட்டம் கலையும்போது கொலின்ஸ் சத்தியபாமாவிடம் வந்து, இங்கே பாம்புகள் எப்போது உறங்கும் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவருக்கு விடை தெரியும். ஜூனில், என்றார், உறைபனி விழத் தொடங்கியபின்.

"அப்படியானால் என் பார்வையிடல் இன்னும் முடியவில்லை," என்றார் கொலின்ஸ். "முடியும்வரை கட்டடத்தில் கைவைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் நானே சொல்கிறேன்."

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மண்டபத்தைத் திறக்குமுன், சத்தியபாமா கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"பனி கிடக்கோ, ரீச்சர்?" என்று காருக்குள்ளிருந்து கேட்டார் மகேந்திரராஜா.

"ஓம். கிடக்குது."

மண்டபம் நிறைந்ததும், டோரதி தம் மேலங்கிப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். முன்வரிசையில், பிள்ளைகளுக்கு நடுவே, கொலின்ஸ் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி.